வான்கோழி வாலுக்குப் பின்னால்

என் இடது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, கன்னத்து எலும்பின் மேல், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி மூன்று பதில் வைத்திருக்கிறேன். கம்பெனியில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம், கண்ணாடி போடாமல் கிரைண்டிங் செய்தவனின் கதி இதுதான் என்று சொல்வேன். கல்யாண வீடுகளில், பெண்டாட்டி கரண்டியால் அடித்தது என்பேன். அதை உடனே நம்பிவிடுகிறார்கள். மூன்றாவது பதில், வான்கோழி என்று நினைத்து என்னைச் சுட்டுவிட்டார்கள் என்பது. உண்மையான அந்தப் பதிலைத்தான் யாரும் நம்புவதில்லை.

அந்த உண்மையிலும் முன்பாதியை மட்டுமே இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். என்னைச் சுட்டவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்பதை விட்டுவிடுவேன். சிரிப்பு அந்த இடத்தில் நின்றுவிடும் என்பதால்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சேஃப்டி பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் கையும் காலும் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் ஓடும், அப்புறம் கால் ஓடும், மூளை கடைசி பஸ்ஸில் வந்து சேரும். ஒருமுறை தீயணைப்பு ஒத்திகை. ஒத்திகைதான், யாரும் பதற வேண்டாம் என்று மைக்கில் அறிவித்தவனே நான். சைரன் அடித்ததும் முதல் ஆளாக கேட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடை வரை ஓடியவனும் நான்தான். டீக்கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒரு டீயை அவசரமாக ஆற்றுகிறார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. பிரஸ் மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட்டு, அவரவர் படம் ஒட்டிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். ஐந்து பேர் உள்ளே போனால் ஐந்து அட்டை. வெளியே வந்தவர் தன் அட்டையைத் தானே எடுப்பார். அடுத்தவர் அட்டையில் கை வைக்கக் கூடாது. கடைசி அட்டையும் போன பிறகுதான் மெஷின் ஓடும். வாராவாரம் இதற்கு வகுப்பு எடுக்கிறேன். விபத்து எப்போது நடக்கும் என்பதையும் சொல்வேன். எல்லாரும் வெளியே வந்து அட்டையை எடுத்த பிறகு, ஒரே ஒரு நிமிஷம் என்று ஒருவர் மறுபடி கையை உள்ளே விடுவார் பாருங்கள், அப்போது.

சரி, வான்கோழிக்கு வருகிறேன்.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான். அதற்கு முன்னால் வல்லம் வடகாலில் வான்கோழி வளர்த்தான். நிலம் தொழிற்பேட்டைக்குப் போயிற்று, கொட்டகை ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றது. ஒரு புயலில் அதுவும் சாய்ந்தது. தப்பித்துப் போன கோழிகளில் பாதியை நாய்கள் தின்றன. மிச்சம், இன்னும் யாருக்கும் ஒதுக்காத ஒரு பெரிய பிளாட்டில், சீமைக்கருவேலப் புதருக்குள் போய்க் குடியேறிவிட்டது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் அங்கே நான்கு பெட்டையும் ஒரே ஒரு சேவலும். முறைப்படி அது மச்சானின் சேவல்தான். அந்த விஷயம் சேவலுக்குத் தெரியவில்லை.

வளர்ப்புப் பிராணி என்பதற்கான அடையாளம் எதுவும் அதனிடம் மிச்சமில்லை. கறுத்த உடம்பு, வெயில் பட்டால் செம்புப் பாத்திரம் மாதிரி மினுக்கும். கோபம் வந்தால் தலை நீலமாகி, கழுத்துச் சதை ரத்தச் சிவப்பாகும். காலின் பின்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்கு முள். முதலில் அது ஒரு நாயின் கண்ணைக் கிழித்தது. நாய் சாகவில்லை, ஆனால் பிளாட் பக்கம் தலைகாட்டுவதை விட்டுவிட்டது. அப்புறம் பிளாட்டைக் கடக்கும் குறுக்குப் பாதையில் முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்களைத் துரத்த ஆரம்பித்தது. எங்கள் கேண்டீனில் வேலை செய்கிற அம்மா ஸ்கூட்டியோடு சாய்ந்து, தாடை பிளந்து, ஏழு தையல். நான்தான் பக்கத்தில் நின்றேன். தையல் போடும்போது மயங்கி விழுந்ததும் நான்தான். அந்த அம்மா எழுந்து என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடி, சேவலை முடித்துவிடுவது என்று தீர்மானம் போட்டோம். எப்படி என்பதில்தான் தகராறு.

"மக்காச்சோளத்துல மருந்து கலந்து வெச்சா வேல முடிஞ்சிது" என்றான் மச்சான்.

"பெட்டையும் துன்னுட்டு சாவும்டா. பக்கத்து ஊட்டு நாயும் சாவும்" என்றேன்.

"அப்போ சாயங்காலம் மரத்துல ஏறி உக்காந்துகினு தூங்கும்ல, அப்போ ஒரு கட்டைய வுட்டு..."

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மாடித் தம்பி அங்கே குறுக்கிட்டான். எங்கள் மாடியில் குடியிருந்தவன், கோவில்பட்டிப் பக்கம், முப்பது வயது, எங்கள் கம்பெனியிலேயே, தகடு அடிக்கும் அச்சுகளைச் செதுக்குகிற டூல் ரூமில் வேலை. "தூங்குறதப் போய் அடிக்கிறதுல என்னண்ணே இருக்கு. அது முழிச்சிருக்கணும். நேருக்கு நேர் நிக்கணும். தலையில ஒண்ணு. தப்பிச்சுதுன்னா பொழச்சுப் போட்டும், அன்னைக்கு அதோட நாள்."

அவனிடம் ஒரு ஏர் கன் இருந்தது. குழலை மடக்கி ஈயக்குண்டு போடுகிற வகை. மாடியில் எலுமிச்சம்பழத்தை வரிசையாக வைத்துச் சுடுவான், ஒன்றும் தப்பாது. ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு இருபது தப்படிதான் எல்லை. அதற்கு மேல் போனால் கோழி சாகாது, குண்டோடு புதருக்குள் போய் நாலு நாள் அழுகும். அது பாவம் என்றான். உடம்பில் சுட மாட்டேன், பெட்டையைச் சுட மாட்டேன், ஓடுவதைச் சுட மாட்டேன் என்று அவனாகவே சட்டம் போட்டுக்கொண்டான்.

அந்தத் தம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு வருடம் காண்ட்ராக்டில் இருந்தவன். அப்போதுதான் நிரந்தர வேலைக்கு அவன் பெயர் வந்திருந்தது. வேட்டைக்கு நாங்கள் குறித்த ஞாயிறு போய் மூன்றாம் நாள், புதன்கிழமை மெடிக்கல். கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், பத்து விரலும் மடங்கி நிமிர்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார்கள். டூல் ரூம் ஆளுக்கு விரல்தான் படிப்பு. ஊரில் ஒரு பெண்ணைப் பேசிவைத்துவிட்டு, ஆர்டர் கைக்கு வரட்டும் என்று இரண்டு வீட்டாரும் காத்திருந்தார்கள். கன்னத்தில் தழும்போடு நான் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு திரிகிறேன். அன்றைக்குப் பணயமாக இருந்தது அவனுடைய புதன்கிழமை.

சேவலை இருபது தப்படிக்குள் கொண்டுவர ஒரு பொய்ச் சேவல் செய்தோம். இன்னொரு சேவல் வாலை விரித்து நிற்பதைப் பார்த்தால் அது சும்மா இருக்காது, சண்டைக்கு வெளியே வரும் என்றான் மச்சான். வளர்த்தவனுக்குத் தெரியும். கொட்டகைக் காலத்து வால் இறகுகளை ஒரு சாக்கில் வைத்திருந்தான். அவற்றை விசிறி மாதிரி விரித்து தெர்மோகோல் பலகையில் குத்தினோம். தலைக்குத்தான் யோசித்தோம். கெமிக்கல் பிரிவில் போடுகிற சிவப்பு ரப்பர் கையுறை ஒன்றுக்குள் கழிவுப் பஞ்சை அடைத்தேன். ஐந்து விரலும் தாடைச் சதை மாதிரி தொங்கின. பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நான் அதை மூஞ்சிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மாடியில் குனிந்து நடந்து காட்டியபோது துணி காயப்போட வந்த என் மனைவி நின்று பார்த்தாள்.

"இந்த வாலு உனுக்கு இன்னாத்துக்குயா. அது இல்லாமயே அப்டித்தான கீற."

விதிமுறையை நான் வகுத்தேன். அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேவல் வேஷத்தில் போகிறவன் துப்பாக்கிக்கு நேர் எதிரே நிற்கிறான். எங்கள் மெஷினுக்குள் தலையை விடுவதும் இதுவும் ஒன்றுதான். ஆகவே மெஷினுக்கு உள்ள விதியே இதற்கும். பிளாட் மூலையில் ஒரு வேப்பமரம். அதில் ஒரு ஆணி. பொய்ச் சேவலோடு உள்ளே போகிறவன் தன் படம் போட்ட சிவப்பு அட்டையை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். குனிந்து நகர்ந்து, வெட்டவெளி நடுவில் பொய்ச் சேவலைக் குச்சியில் நட்டுவிட்டு, வாய்க்கால் வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து அட்டையை எடுக்க வேண்டும். தம்பி எதிர்ப்பக்கம் கிடக்கும் ஒரு கான்கிரீட் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். ஆணியில் அட்டை இருக்கிற வரை அவன் குண்டே போடக் கூடாது. அட்டை போனால், உள்ளே ஆள் இல்லை, சேவல் வந்தால் சுடலாம்.

உள்ளே போகிறவன் யார் என்ற கேள்விக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதி எழுதியவன்.

அடுத்த ஞாயிறு, காலை வெயில் ஏறியதும் போனோம். மச்சானும் அவனோடு பஸ் ஓட்டும் இரண்டு பேரும் கைக்கு ஒரு மூங்கில் கழியோடு பிளாட்டின் பின்பக்கம் நின்றார்கள். சேவல் அந்தப் பக்கம் ஓடினால் திருப்பிவிட. தம்பி குழாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஆணியைப் பார்த்து, என்னைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினான். நான் அட்டையை மாட்டினேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாலுக்குப் பின்னால் குனிந்து நடப்பது என்பது ஐம்பது வயது முழங்காலுக்கு ஏற்ற வேலை இல்லை. பத்தடி போவதற்குள் மூச்சு வாங்கியது. எங்கோ புதருக்குள் சேவல் களகளவென்று கத்தியது. திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், திரும்பினால் மச்சான் ஆயுசுக்கும் பேசுவான். வெட்டவெளிக்குப் போய், குச்சியை மண்ணில் குத்தி, பொய்ச் சேவலை நட்டேன். வாய்க்காலில் விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தவழ்ந்து வெளியே வந்து, அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். முடிந்தது. ஒரு பீடி பிடிக்கலாம் போலிருந்தது, நிறுத்தி எட்டு வருடம் ஆகியிருந்தது.

திரும்பிப் பார்த்தால் காற்றில் பொய்ச் சேவல் சாய்ந்து, புதரோரம் உருண்டுபோய் மல்லாக்கக் கிடந்தது.

இந்த இடத்தில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அட்டையைப் பையிலிருந்து எடுத்து மறுபடி மாட்ட, மரத்துக்கு நாலடி திரும்பி நடக்க வேண்டும். வெட்டவெளி எட்டடியில் இருந்தது. சேவல் சத்தம் பக்கத்தில் கேட்டது. ஒரு நிமிஷம்தானே. நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம். மனசு இதை இவ்வளவு தெளிவாகக் கூடச் சொல்லவில்லை. கால் போய்விட்டது.

புதர் மறைவில் குனிந்தபடியே ஓடி, விழுந்து கிடந்த பொய்ச் சேவலை எடுத்து மூஞ்சிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். குச்சி எங்கே என்று தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தேன். குழாய்க்குப் பின்னால் இருந்து அது எப்படித் தெரிந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். ஆணியில் அட்டை இல்லை. பொய்ச் சேவல் விழுந்ததை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். இப்போது புதரோரம் ஒரு வால் விரிந்து எழுகிறது, சிவப்புத் தலை ஆடுகிறது, இடவலமாக நடக்கிறது. அப்படியானால் அது நிஜம். அவன் விதிப்படி, உடம்பை விட்டுத் தலையைக் குறிவைத்தான்.

பிளாஸ்டிக் ஸ்கேல் உடைகிற மாதிரி ஒரு சத்தம். தெர்மோகோல் வெள்ளைவெள்ளையாகப் பறந்தது. யாரோ என் கன்னத்தில் சுத்தியலால் அடித்தார்கள். கண் நிறையச் சூடாக ஏதோ வழிந்து, உலகத்தின் இடது பாதி அணைந்தது.

கண் போயிற்று என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, மற்றதெல்லாம் காலின் பொறுப்பு. ஓடினேன். பொய்ச் சேவலைக் கீழே போட வேண்டும் என்று தோன்றவில்லை, அதை மூஞ்சியோடு அணைத்துக்கொண்டே ஓடினேன். நேராகப் புதரை நோக்கி ஓடினேன். புதருக்குள் இருந்து நிஜச் சேவல் வந்தது.

அடிபட்டு ஓடுகிற எதிரியை விடுகிற சாதி இல்லை அது. முதுகில் ஏறியது. சட்டையைக் கிழித்துக்கொண்டு இரண்டு முள்ளும் இறங்கின. இறக்கை காதில் அறைந்த அறையில் பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். கருவேல முள்ளில் குப்புற விழுந்தேன். உச்சந்தலையில் கொத்தியது, காதைக் கொத்தியது, நான் பொய்ச் சேவலால் நிஜச் சேவலை மாறி மாறி அடித்தேன், இறகு எதனுடையது என்று தெரியாமல் பறந்தது. ஒருகட்டத்தில் வலது கண்ணைத் திறந்து பார்த்தேன். சேவல் வாயில் ஒரு சிவப்பு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் என் கையைத் தூக்கி விரலை எண்ணினேன். ஐந்து இருந்தது. கையுறையில்தான் நாலு.

யாரோ சேவலை உதைத்துத் தள்ளினார்கள். தம்பி. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என்னைப் புரட்டி, தன் சட்டையைக் கழற்றி என் கன்னத்தில் அழுத்தினான்.

"அண்ணே, கண்ணத் தொறங்க. தொறங்கண்ணே. நீங்க எப்பிடிண்ணே உள்ள..."

என் வாய் ஓட ஆரம்பித்தது. "சுட்டுட்டான்" என்று கத்தினேன். "டேய் மச்சான், என்ன சுட்டுட்டான்டா. அட்டையப் பாக்காம சுட்டுட்டான்."

மச்சானும் மற்ற இருவரும் வந்தபோது அவர்கள் கண்டது இதுதான். ரத்தத்தில் குளித்த நான். என் மேல் குனிந்திருக்கும், எங்கள் ஊரில் பிறக்காத ஒருவன். கையில் மூங்கில் கழி ஏற்கெனவே இருந்தது.

முதல் அடி தம்பியின் முதுகில் விழுந்தது. இரண்டாவதில் அவன் என் மேலிருந்து உருண்டான்.

"எங்க ஊருல குந்திகினு எங்க மாமாவையே சுடுவியாடா. தங்க எடம் குட்த்தா கண்ணையா எடுப்ப" என்று கத்தினான் மச்சான்.

"அட்டை இல்லண்ணே. ஆணியில அட்டை இல்ல, போய்ப் பாருங்க. சாமி சத்தியமா இல்லண்ணே."

ஒருவன் போய் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "ஆமா, இல்லதான். இவனே எடுத்து ஒளிச்சிட்டாங்கறேன்."

அவ்வளவுதான், கழி இரண்டாக இருந்தது மூன்றாயிற்று.

எனக்கு என் கண்ணைப் பார்க்க வேண்டும். செல்போனில் மூஞ்சியைப் பார்க்கலாம் என்று சட்டைப்பையில் கையை விட்டேன். போன் வந்தது. போனோடு கனத்த பிளாஸ்டிக்கில் ஒரு விளிம்பு விரலில் பட்டது. செல்ஃபி கேமராவைத் திறந்து, ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தேன். இடது கண் சிவந்து, கலங்கி, முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு ஓட்டை. கண் போகவில்லை என்று தெரிந்த அதே நொடியில், பையில் இருப்பது என்ன என்பதும் தெரிந்துவிட்டது.

பிரஸ் ஷாப்பில் இருப்பவனுக்கு மெஷின் அடிப்பதை எண்ணுகிற பழக்கம் உண்டு, வேண்டாம் என்றாலும் எண்ணும். எனக்குத் தெரிந்தபோது அது நான்காவது அடி. பதினொன்று வரை எண்ணினேன்.

அந்த ஏழு அடிக்கும் நான் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். மயக்கமாக இருந்தது. வாயில் ரத்தம். மூச்சு வரவில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் அப்போது என் மண்டைக்குள் ஓடியது வேறு. வாராவாரம் நான் நின்று பேசுகிற அந்த அறை. என் எதிரே உட்காருகிற எண்பது பேர். அட்டையை எடுத்துவிட்டு உள்ளே போனவன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தால். யாருக்கும் தெரியாமல் இந்த அட்டையைக் கருவேல மண்ணில் புதைக்க முடியுமா என்றுகூட யோசித்தேன். என் விரல் நிஜமாகவே மண்ணைத் தோண்டிப் பார்த்தது. தரை கெட்டியாக இருந்தது.

தம்பி திருப்பி அடிக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஒன்பதாவது அடி அந்தக் கைமேல் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவது மாதிரி சின்னச் சத்தம். அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினான், அம்மா என்று. கத்திக்கொண்டே வலது கையை எடுத்து வயிற்றுக்குள் மறைத்தான். முகத்தை அடிக்கு விட்டுவிட்டு விரலைக் காப்பாற்றினான். புதன்கிழமை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு அடி போயிற்று.

"நிறுத்துங்கடா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, கீச்சென்று நீண்டு போயிற்று. வான்கோழிச் சேவலுக்கு ஒரு குணம் உண்டு, எந்தப் பெரிய சத்தம் கேட்டாலும் பதில் சொல்லும். லாரி ஹாரனுக்குச் சொல்லும், இடிக்குச் சொல்லும். புதருக்குள் இருந்து எனக்கும் சொன்னது, களகளகளவென்று. மூன்று பேரும் கழியை ஓங்கினபடி நின்றார்கள். ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் இடைவெளியில் நான் அட்டையை எடுத்து நீட்டினேன். படத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன், கழுத்துவரை ரத்தத்தோடு.

மச்சான் குனிந்து பார்த்தான். "இன்னா மாமா இது."

"என் அட்டை."

"அத்து உன்னாண்ட எப்டி..."

"நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு மறுபடி உள்ள போனேன். அந்தத் தம்பி மேல ஒண்ணுமில்ல."

மூன்று பேரும் கழியைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பிறகு மச்சான் மெதுவாக, "இத்த முன்னாடியே சொல்லக் கூடாதா மாமா" என்றான்.

தம்பி தட்டுத்தடுமாறி எழுந்தான். உதடு கிழிந்து, வலது சுண்டுவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன், பிறகு கன்னத்தை மூடிக்கொண்டேன். அவன் இடது கையால் என் அட்டையை வாங்கினான். நொண்டிக்கொண்டே வேப்பமரம் வரை போனான். அட்டையை ஆணியில் மாட்டினான். அது நேராக நிற்கிறதா என்று பார்த்தான்.

"இன்னும் உள்ளதான இருக்கீய அண்ணே" என்றான்.

அப்புறம் குழாய்ப் பக்கம் போய்த் துப்பாக்கியை எடுத்து, முழங்காலில் வைத்து ஒற்றைக் கையால் குழலை மடக்கித் திறந்து, குண்டில்லை என்று காட்டிவிட்டு அதைத் தரையில் வைத்தான். எலும்பு ஒடிந்த நிலையிலும் அவன் விதியை விடவில்லை. நான் வாய்க்கால் வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். நடந்தே வரலாம், வழி நேராகத்தான் இருந்தது. ஆனால் தவழ்ந்தேன். வந்து அட்டையை எடுத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் ஒரே வேனில் மச்சான்தான் கொண்டுபோனான், வழியெல்லாம் தப்பான கியரில். என் கன்னத்து எலும்பில் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்த ஈயத்தை டாக்டர் இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அந்த டிங் சத்தத்துக்கு நான் மயங்கினேன் என்று நர்ஸ் சொன்னார். துப்பாக்கிக் காயம் என்பதால் போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதினார். என் அஜாக்கிரதை என்று எழுதச் சொன்னேன். அடிபட்ட அவனைக் காட்டி, இவருக்கு எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "கீழ விழுந்துட்டேன் சார்" என்றான். எங்களில் மூன்று பேர் அந்த வார்த்தையில் தப்பித்தார்கள். நான்காவது ஆள் நான்.

திங்கட்கிழமை கம்பெனியில் எச்.ஆர். அறைக்குப் போய், விரல் எப்படி ஒடிந்தது, அட்டை யாருடைய பையில் இருந்தது, எத்தனை அடி வரை நான் வாயைத் திறக்கவில்லை, எல்லாம் சொன்னேன். அவர்கள் நான் பேசுவது வேடிக்கைக்கு என்று முதலில் சிரித்தார்கள். தம்பியின் மெடிக்கலை மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள். பெயரை எடுக்கவில்லை. பெண் வீட்டில் அந்த மூன்று மாதமும் காத்திருந்தார்கள். ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்த வாரமே அவன் எங்கள் மாடியைக் காலி செய்துகொண்டு ஒரகடத்தில் வேறு அறைக்குப் போய்விட்டான். என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனான். நான் வீட்டில்தான் இருந்தேன், குளியலறையில், தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டு.

சேவலை அப்புறம் யாரும் தொடவில்லை. அந்த பிளாட்டை ஒரு கம்பெனி வாங்கி ஜேசிபியைக் கொண்டுவந்தபோது, அது வாலை விரித்து ஜேசிபியின் வாளியை எதிர்த்து நின்றதாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்தாராம். இப்போது அடுத்த பிளாட்டில் இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாள் டூல் ரூம் ஆட்களுக்கு என் வகுப்பு. தம்பி முன்வரிசையில் உட்காருகிறான். எப்போதும் முன்வரிசை. நான் வழக்கமான வேடிக்கைகளைச் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் கொஞ்சம் சிரிப்பான். சிவப்பு அட்டைப் படம் திரையில் வந்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அது பாடத்தில் இருக்கிறது, தவிர்க்க முடியாது.

"மாட்டின அட்டையை யார் எடுக்கலாம்?"

அவன் கையைத் தூக்குவான். சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை, மற்ற நான்கிலிருந்தும் விலகி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"மாட்டினவர் மட்டும்தான் சார். வெளிய வந்த பெறகு."

சரி என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு பொத்தானை அழுத்த எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.